சொன்ன பக்கம் திரும்பாத கேமரா

ஏழுமடையில் முதலில் கண் விழிப்பது சந்தைதான், சூரியன் அதற்கப்புறம்தான் என்று ஒரு பேச்சு உண்டு. வெங்காயமும் வெண்டைக்காயும் வாழைத்தாருமாக லாரிகள் வந்து நிற்க, கமிஷன் கடைக்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட, தராசுகள் ஆடத் தொடங்க, கைக்குக் கை மூட்டை மாறி, வாய்க்கு வாய் விலை மாறி, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பாதி வியாபாரம் முடிந்திருக்கும். அந்த அரை வெளிச்சத்தில் சில மூட்டைகள் கால் முளைத்து நடந்து காணாமலும் போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர் ஞானதிரவியம் அண்ணாச்சி சந்தையின் நடுமத்தியில் ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் உச்சியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கேமரா ஒன்றை மாட்டச் சொன்னார். இடமும் வலமும் சுற்றும், மேலும் கீழும் நிமிரும் குனியும், மாடியில் சங்க ஆபீசில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் அசைத்த பக்கம் பார்க்கும் என்று விற்றவன் சொல்லியிருந்தான்.

மாட்டியவள் முப்பிடாதி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவளும் அவள் தோழி ஆவுடையும் சேர்ந்து கேமரா கடை வைத்திருந்தார்கள். ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கம்பத்தில் ஏறுவது முப்பிடாதி, கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது ஆவுடை. ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவள் கஞ்சி வைப்பாள். பிறக்கும்போது மட்டும் வேறு வேறு வயிறு என்று ஊரில் சொல்வார்கள்.

கேமரா மாட்டியதும் திரையில் படம் பளிச்சென்று வந்தது. ஆனால் முப்பிடாதி ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினாள், அது வலது பக்கம் திரும்பியது. மேலே தள்ளினாள், அது சும்மா இருந்தது. விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள், அது தானாகத் திரும்பி, மாடி ஜன்னலைப் பார்த்து நின்றது. திரையில், ஜன்னலுக்குள்ளே, கையில் தண்ணீர் பாட்டிலோடு முப்பிடாதியே தெரிந்தாள்.

படம் ஒரு ஒயரில் வரும், கட்டளை இன்னொரு ஒயரில் போகும். படம் வருகிற வழி சுத்தமாக இருந்தது. கட்டளை போகிற வழியில்தான் கோளாறு என்று முப்பிடாதி முடிவு செய்தாள். கட்டளை ஒயரில் இரண்டு இழைதான், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். இடம் மாறிப்போனால் கேமரா பேச்சு கேட்காது என்பதால் முதலில் அதை மாற்றிப் பார்த்தாள். பிறகு கேமராவின் வயிற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்ன சுவிட்சுகளைத் தள்ளி அதன் நம்பரைச் சரிபார்த்தாள், ஏனென்றால் நம்பர் தப்பாக இருந்தால் ஒருவரைக் கூப்பிட இன்னொருவர் திரும்பிப் பார்க்கிற கதைதான். கம்பத்தின் அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, கூடு கட்டியிருந்த எறும்புகளைத் துடைத்து, ஜாயிண்டுகளைப் புதிதாக முறுக்கி டேப் சுற்றினாள். பழைய ஒயரையே நம்பாமல் புது ஒயரை மாடியிலிருந்து கம்பம் வரைக்கும் தரையோடு இழுத்துப் பார்த்தாள். மீட்டர் எல்லாம் சரி என்றது. கேமரா மட்டும் தன் போக்கில் திரும்பிக்கொண்டே இருந்தது, திரும்பித் திரும்பி அவளையே பார்த்தது.

கடைசியில் ஒரு மத்தியானம் அவள் கம்பத்தில் ஏறி, கட்டளை ஒயரின் இரண்டு இழைகளையும் கழற்றி, வெறும் காற்றில் தொங்கவிட்டாள். இனி யார் என்ன சொன்னாலும் அதற்குக் கேட்காது, சொல்வதற்கு வழியே இல்லை. அவள் இறங்கிக் கீழே வந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கேமரா மெதுவாக, மாடு கன்றைத் திரும்பிப் பார்ப்பது போல, கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது.

"மாட்டினவ கைல்லா, அதான் பழகிட்டு," என்றாள் ஏணியைப் பிடித்திருந்த ஆவுடை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முப்பிடாதியும் சிரித்தாள். சிரிப்பு அவள் முகத்துக்கு வந்து அப்போது வெகு நாளாகியிருந்தது. அவள் தம்பி சங்கிலி வீட்டைவிட்டுப் போய் இரண்டு ஆனி மாதம் கடந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் போய்விட, பாவாடை வயதிலிருந்து அவள் இடுப்பில் வைத்து வளர்த்த தம்பி. அவனுக்காகவே தன் கல்யாணப் பேச்சை ஒவ்வொரு தையிலும் தள்ளித் தள்ளி, கடைசியில் தையும் வந்து கேட்பதை நிறுத்திக்கொண்டது. ஒரு காலை அவன் வேலைக்குப் போகிறேன் என்று போனான், சாயந்திரம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து முப்பிடாதி எந்த ஊரில் எந்தக் கேமராவை ரிப்பேர் செய்யப் போனாலும், வேலை முடிந்ததும், "ஒரு நிமிசம் அண்ணாச்சி, பழைய படத்தக் கொஞ்சம் ஓட்டிப் பாத்துக்கிடுதேன்" என்று கேட்டு, பெட்ரோல் பங்கிலும் ஜவுளிக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் முகம் முகமாகத் தேடுவாள். பக்கத்தில் ஆவுடையும் உட்கார்ந்து தேடுவாள். "இவன் நடை நம்ம சங்கிலி மாதிரி இருக்குல்லா?" என்று முப்பிடாதி திரையைத் தொடுவாள். "இல்ல முப்பி, இவன் குட்டை," என்று ஆவுடை அவள் கையை மெதுவாக எடுத்து மடியில் வைப்பாள்.

சந்தைக் கேமரா தன் இஷ்டத்துக்குப் பார்க்கிற விஷயம் ஊருக்குத் தெரிந்தபோது ஊர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. காவல் தெய்வத்துக்கு இல்லாத இஷ்டமா, கோயில் மாட்டுக்கு இல்லாத இஷ்டமா, இதற்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார்கள். ஆனால் அது யாரைப் பார்க்கிறது, எதற்குப் பார்க்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. களவைப் பிடிக்க வைத்தது களவாணியைத்தானே பார்க்கும் என்று முதலில் நினைத்தார்கள். அதனால் ரிட்டையர்டு வாத்தியார் கோமதிநாயகம், மனைவியோடு கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கேமரா அவர் மேல் வந்து நின்றுவிட, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வாத்தியார் கூனிக்குறுகி வீட்டுக்குப் போனார். போன இடத்தில், அவர் மனைவி பொறுக்க மாட்டாமல் அழுது, அவருக்கு வந்திருப்பது வெறும் வயிற்றுப்புண் இல்லை என்பதையும், டாக்டர் சொன்னதைப் பிள்ளைகளும் தானும் சேர்ந்து மறைத்து வைத்திருப்பதையும் சொல்லிவிட்டாள்.

அடுத்து, மேலூர் புலமாடன் சின்ன வெங்காயம் கொண்டுவந்து ஒரு கடையில் எடைக்குக் கொடுத்தபோது கேமரா புலமாடனைப் பார்த்தது. அவர் மூட்டையைத் தூக்கிப் பக்கத்துத் தராசில் வைத்தார். எடை வேறு வந்தது. அதற்கடுத்து, ஆட்டுக்குட்டி மாமா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று நம்பி அம்மா கையைப் பிடித்து வந்த ஒரு சின்னப் பிள்ளையைப் பார்த்தது. அந்தப் பிள்ளை அன்றைக்குக் குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம்.

டீக்கடை பிச்சையாதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். டீயை ஒரு ஆற்று ஆற்றிவிட்டு, "ஏ, அது களவாணியப் பாக்கலவே. களவு குடுத்தவனப் பாக்குது," என்றார். "எவன ஏமாத்துதாவளோ அவன் மேலதான் அதுக்குக் கண்ணு. ஏமாத்துதவன் இந்தச் சந்தைக்குள்ள நிக்கணும், அம்புட்டுதான் கணக்கு."

அதிலிருந்து ஏழுமடையின் நடை உடை பாவனையே மாறிப்போனது. பெண் பார்த்துவிட்டுப் பேச வருகிற மாப்பிள்ளை வீட்டாரைப் பெண் வீட்டார் மரியாதையாகச் சந்தைப் பக்கம் நடத்திக் கூட்டிவந்து கம்பத்தடியில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கமிஷன் கடைக்காரர்கள் சந்தை வாசலில் இருக்கும் வளைவுக்கு வெளியே, புளியமரத்தடியில் போய் நின்று விலை பேசினார்கள். புருஷனோடு சந்தைக்கு வர மறுக்கிற பெண்களும், பெண்டாட்டியைச் சந்தைக்கு வரவேண்டாம் என்கிற ஆண்களும் பெருகினார்கள். தவிர்க்க முடியாமல் வருகிறவர்கள், வெயிலோ மழையோ, குடை பிடித்து வந்தார்கள். தேர்தல் சமயத்தில் ஒருவர் சந்தைக்குள் மேடை போட்டுப் பேசினார். கேமரா கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரையும் பார்க்க முயன்று, சுற்றிச் சுற்றிக் கழுத்து சூடாகி, புகை வந்து நின்றுபோனது. அதற்கு மோட்டார் மாற்றியவளும் முப்பிடாதிதான்.

ஞானதிரவியம் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏ தாயி, இதச் சொன்ன பேச்சு கேக்க வைக்கப் பாரு. வியாபாரம்னா நாலு பொய் இருக்கும்லா? பொய்யில்லாம வெண்டைக்கா விக்க முடியுமா?"

"ஒயர்லதான் கோளாறு அண்ணாச்சி. கண்டுபிடிச்சிருதேன்," என்றாள் முப்பிடாதி. ஊர் சொல்வதை அவள் நம்பவில்லை. இரும்புக்கும் கண்ணாடிக்கும் நியாயம் தெரியும் என்றால் தன் தம்பி எங்கே இருக்கிறான் என்று அது எப்போதோ காட்டியிருக்க வேண்டாமா என்பது அவள் எண்ணம். மேலும், அது யாரைப் பார்க்காவிட்டாலும் அவளைப் பார்த்தது. புலமாடனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வளைவுக்குள் நுழைந்தால் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. அவள் போகிற பக்கமெல்லாம் கூடவே திரும்பியது. அப்போது சந்தையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கம்பத்தைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள், பிறகு வெங்காயத்தைப் பார்ப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தன் மேல் ஊருக்கு இருக்கிற பரிவு அது என்று அவள் நினைத்தாள்.

வைகாசியில் அம்மன் கோயில் கொடைக்கு ஊரே பக்கத்துக் கிராமத்துக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பிடாதி மட்டும் தனியாகச் சந்தைக்கு வந்தாள். தம்பி போனதிலிருந்து அவள் கொடைக்குப் போவதில்லை. கடைகள் சாத்தியிருந்தன, பிச்சையாவின் பாய்லர் குளிர்ந்து கிடந்தது, ஒரு ஆள் இல்லை. அவள் கட்டளை ஒயரைத் திரும்ப மாட்டி, மாடி ஆபீசுக்குப் போய் ஜாய்ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினாள். கேமரா இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம், வலது. மேலே, மேலே. கீழே தள்ளினாள், பணிவாகக் குனிந்து தரையில் கிடந்த ஒரு முருங்கைக்காயைக் காட்டியது. அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆவுடைக்குப் போன் போட்டாள். "ஏட்டி, சரியாயிட்டு! எப்படின்னு தெரியல, ஆனா சரியாயிட்டு! ஓடி வா!"

ஆவுடை கொடையிலிருந்து, நெற்றியில் மஞ்சள் மாறாமல், ஸ்கூட்டரில் வந்தாள். வளைவைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். திரையில் இருந்த முருங்கைக்காய் நகர்ந்தது, கடைகள் நகர்ந்தன, சுவர் நகர்ந்தது, ஜன்னலும் ஜன்னலுக்குள்ளே முப்பிடாதியின் சிரித்த முகமும் வந்து நின்றன.

அவள் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள். முகம் அசையவில்லை.

ஒரே ஒயரில் நாலைந்து கேமரா தொங்குகிற இடத்தில் ஒன்று கெட்டுப்போனால் மொத்த லைனும் படுத்துவிடும். அப்போது செய்வது ஒன்றே ஒன்றுதான்: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும், எதை மாட்டும்போது லைன் படுக்கிறதோ அதில்தான் கோளாறு. முப்பிடாதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஆவுடை! வளைவுக்கு வெளிய போய் நில்லு!"

"எதுக்குட்டி?"

"டெஸ்ட் பண்ணுதேன். போ."

ஆவுடை போனாள். கேமரா விடுபட்டது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது.

"உள்ள வா!"

ஆவுடை வந்தாள். ஜன்னல், முகம்.

"வெளிய போ!"

ஆவுடை போனாள். இப்படி அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்தபடி வருவதும் போவதுமாக இருந்தாள். முதலில் வேகமாக நடந்தவள் பிறகு மெதுவாக நடந்தாள், பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள், பிறகு வளைவுக்கு வெளியே போனவள் கூப்பிட்டும் வராமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் பிச்சையா பால் கேனோடு கொடையிலிருந்து திரும்பி, ஒன்றும் தெரியாமல் ஆவுடையைத் தாண்டி உள்ளே வந்தார். திரையில் ஜன்னலும் முகமும் வந்தன. முப்பிடாதி ஒரு கணம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அப்படியானால் ஆவுடை இல்லை, ஒயர்தான் என்று நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள். பிச்சையாவையும் வெளியே போகச் சொன்னாள். கேமரா விடுபட்டது. அண்ணாச்சியின் கார் உள்ளே வந்தது. ஜன்னல், முகம். கார் பின்னால் போனது. விடுபட்டது. வாட்ச்மேன் வந்தார். முகம்.

அவள் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுப் படியிறங்கி வந்தபோது கொடைக்குப் போனவர்கள் எல்லோரும் பொங்கல் பானையும் தேங்காய் மூடியுமாகத் திரும்பி வந்து வளைவுக்கு வெளியே கூடியிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் பிச்சையாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. வளைவுக்கு வெளியே ஊர், உள்ளே வெறிச்சோடிய சந்தையின் நடுவில் முப்பிடாதி ஒருத்தி, அவளுக்கு மேலே எங்கும் பார்க்காமல் சாந்தமாக நிற்கிற கேமரா.

"உள்ள வாங்க," என்றாள் முப்பிடாதி. "ஏன் எல்லாரும் அங்கனயே நிக்கிய? உள்ள வாங்களேன்."

ஆவுடைதான் வந்தாள். அவள் அடியெடுத்து வைத்ததும் கேமரா திரும்பியது.

"சங்கிலி நல்லாருக்கான் முப்பி," என்றாள் ஆவுடை. "சிவகங்கைப் பக்கம் இருக்கான். கல்யாணம் ஆயிட்டு. அந்தப் பிள்ள பேரு லோசனி."

முப்பிடாதிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்றதும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் மற்றது வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன்." ஆவுடை அழவில்லை, அழுதால் மன்னிப்புக் கேட்பது போல ஆகிவிடும் என்று பிடித்துவைத்திருந்தாள். "அவன் எங்கிட்ட வந்து கையப் பிடிச்சு அழுதான். வீட்டு வாசல்ல கேமரா, நடுவீட்ல கேமரா, நீ கடைல இருந்துகிட்டு போன்ல அவன் சாப்பிடுததப் பாக்க, தூங்குததப் பாக்க. மூச்சு முட்டுதுக்கா, எங்க அக்கா மேல பாசம் இருக்கு, ஆனா மூச்சு முட்டுதுன்னான். அந்தப் பொம்பளப் பிள்ளையப் பத்திச் சொன்னா நீ விடமாட்டன்னு பயந்தான். நானே அக்காட்ட சொல்லுதேன், நீங்க யாரும் சொல்லாதியன்னு சத்தியம் வாங்கினான். இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தோம். அப்புறம் எப்படிச் சொல்லன்னு தெரியல."

கேமரா இன்னும் முப்பிடாதியை விட்டு அகலவில்லை. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் இருக்கா ஆவுடை?"

"கல்யாணத்துல தாலி கட்டுதப்போ, நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லன்னு ஐயர் கூப்பிட்டாரு. நாந்தான் போட்டேன். அன்னைக்கு உங்கிட்ட கேட்டு வாங்கிக் கட்டிட்டுப் போனம்லா, அந்த மாம்பழக் கலர் பட்டு. அதக் கட்டிக்கிட்டுத்தான் போட்டேன்."

அப்போதுதான் கேமரா முப்பிடாதியை விட்டுத் திரும்பி, சும்மா வானத்தைப் பார்த்தது.

முப்பிடாதிக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஆவுடைக்குக் கொசுவம் வைத்து மடித்துவிட்டவள் அவள்தான். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டபோது தூரத்துச் சொந்தம் என்று ஆவுடை சொன்னதும், பின்னலில் பூ வைத்துவிட்டு, 'என் தம்பி கண்ணுல பட்டா கூட்டிட்டு வா' என்று சிரித்தபடி அவள் சொன்னதும், ஆவுடை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டதும் நினைவிருந்தது.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அடி வைத்ததும் கேமரா திரும்பும், தன் பங்கைச் சொன்னதும் விட்டுவிடும். நான் வேன் பேசினேன் தாயி என்றார் ஞானதிரவியம் அண்ணாச்சி. நான் சாம்பார் வச்சேன் மக்கா என்றார் பிச்சையா. நான் மொய் எழுதினேன் என்றார் ஒருவர், நான் நாதஸ்வரம் பேசிவிட்டேன் என்றார் ஒருவர், நான் கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வைத்தேன் என்றாள் ஒருத்தி. தம்பியைக் காணவில்லை என்று அவள் கொடுத்த புகாரை வாங்கிக்கொண்டு, கண்டிப்பாகத் தேடுகிறோம் என்று தலையாட்டிய ஏட்டு, பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கியதைச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். கோமதிநாயகம் வாத்தியார் கடைசியாக வந்து, "எனக்கு மறைச்சத எங்கிட்ட சொன்னாவ. நான் அப்பவும் உங்கிட்ட மறைச்சேன்," என்று சொல்லி, நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் அவள் நல்லதுக்குத்தான் மறைத்ததாகச் சொன்னார்கள். பொங்கல் பானைகள் ஆறிப்போயின.

முப்பிடாதி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து, "நான் ஒவ்வொரு ஊரா உக்காந்து தேடினேனே," என்றாள். "கண்ணு பூத்துப்போகத் தேடினேனே. அப்பமாவது ஒருத்தருக்குச் சொல்லத் தோணலியா?" அவள் வீட்டுக்குப் போய் வாசல் கேமராவையும் நடுவீட்டுக் கேமராவையும் திருப்புளியால் கழற்றி, பெட்டியில் போட்டு மூடினாள். அவை பார்த்துக்கொண்டிருந்தது வெறும் பாயையும் வெறும் வாசலையும்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு சந்தைக் கேமரா அவளைப் பார்க்கவே இல்லை. ஊரில் அவளிடம் மறைக்க ஒருவருக்கும் ஒன்றும் மிச்சமில்லை. வாட்ச்மேன் பொண்டாட்டி கூட அவளிடம் போய், போன வாரம் உங்க செடியில ரெண்டு மிளகா பறிச்சேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சந்தைக்குள் எங்கே நடந்தாலும் கேமரா அவளைத் தாண்டி வேறு யாரையோ பார்த்தது. கடைக்கு ஆவுடை தினமும் வந்தாள், தினமும் டிபன் பாக்ஸ் கொண்டுவந்தாள், தினமும் அதை அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். "அந்த டேப்பை எடு", "ஏணியப் பிடி" என்பதற்கு மேல் முப்பிடாதி அவளிடம் பேசவில்லை. ஏணியில் ஏறும்போது கீழே இருக்கிற கையை நம்பித்தான் ஏறினாள். அதை அவளால் மாற்றிக்கொள்ள முடியவில்லை, அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

புரட்டாசியில், சந்தை நிறைந்திருந்த ஒரு முற்பகலில், சங்கிலி வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், மீசை வைத்திருந்தான். பின்னால் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் வெயிலுக்குச் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். தராசுகள் நின்றன. முப்பிடாதி கம்பத்தடிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா," என்றான் சங்கிலி.

எத்தனையோ திரைகளில் தேடிய முகம். அவள் எழுந்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் பாதங்கள் வீங்கியிருந்தன.

"வா ஏல. வா தாயி. சாப்பிட்டியளா? வீட்டுக்கு வாங்க, சோறு பொங்குதேன்."

சங்கிலி ஓரடி முன்னால் வந்தான். "மனசுல ஒண்ணும் வச்சிக்கிடலல்லா யக்கா?"

"என்னத்தல வச்சிக்கிடப் போறேன்," என்றாள் முப்பிடாதி. சிரிக்கவும் செய்தாள். "எல்லாம் அன்னைக்கோட போச்சு."

தலைக்கு மேலே மோட்டார் முனகியது. கேமரா மெதுவாகத் திரும்பி, குனிந்து, சங்கிலியைப் பார்த்து நின்றது.

சங்கிலி நிமிர்ந்து பார்த்தான். அது யாரைப் பார்க்கும், எதற்குப் பார்க்கும் என்று ஊர்க்காரர்கள் போனில் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு, விளக்கில் எண்ணெய் வற்றுவது போல வற்றியது.

"என்னங்க, அது ஏன் உங்களையே பாக்குது?" என்று கேட்டாள் லோசனி.

"அதுவா? அது ரிப்பேரு," என்றான் சங்கிலி. "சும்மா யாரையாவது பாத்துட்டு நிக்கும்."

கேமரா அவனை விட்டுவிட்டு லோசனியைப் பார்த்தது.

அவளுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. படம் பிடிக்கிறார்களாக்கும் என்று நினைத்து, முந்தானையை இழுத்து வயிற்றை மூடி, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். சந்தை முழுவதும் அவளைப் பார்த்தது. பார்த்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

முப்பிடாதிக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவள் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"அது ரிப்பேர் இல்ல தாயி," என்றாள். "யாருகிட்ட எத மறைக்காவளோ அவுகளைத்தான் அது பாக்கும். நான் இப்போ பொய் சொன்னேன். எனக்கு மனசு ஆறல. உன் மாப்பிள்ள மேல உள்ள கோவம் எள்ளளவும் கொறையல, இனிமே கொறையுமான்னும் தெரியல. அத நான் அவங்கிட்ட மறைச்சேன், அவன் உங்கிட்ட மறைச்சான்."

லோசனியின் சிரிப்பு நின்றது. புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்மேலயும் கோவமா மதினி?"

"உன்னைய எனக்குத் தெரியவே தெரியாதே. தெரியாத பிள்ள மேல என்னத்தக் கோவப்பட?"

லோசனி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப, சோறு பொங்குறேன்னு சொன்னது?"

"அது நெசம்," என்றாள் முப்பிடாதி. "வயித்துப் பிள்ளையோட வெயில்ல வந்திருக்க. பசிக்கும்லா."

கேமரா லோசனியை விட்டு விலகி, வளைவுக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்த ஒரு வாழைத்தார் லாரியின் பக்கம் திரும்பியது. முப்பிடாதி பெட்டியை மூடி, பையைத் தோளில் மாட்டி, லோசனியின் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கடைகளுக்கு நடுவே வீட்டைப் பார்த்து நடந்தாள். பாதை விடுவதற்காக ஆட்கள் ஒதுங்கினார்கள். சங்கிலி பின்னால் வருகிறானா, அங்கேயே நின்றுவிட்டானா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.